பட்டியலில் இல்லாத பந்துவீச்சாளர்

ஒரு சூப்பர் மார்க்கெட் பை. அதற்குள்ளிருந்து ஒரு மனிதரின் கிரிக்கெட் வாழ்க்கை முழுவதும் என் கவுன்டர் மேல் வந்து உட்கார்ந்தது.

முதலில் ஒரு கம்பளி ஸ்வெட்டர். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். இப்போது பாலாடை நிறம். வெளியே ரோலா சதுக்கத்தில் ஆகஸ்ட் வெயில் பஸ்களின் கூரையை வறுத்துக்கொண்டிருக்க, உள்ளே அந்த ஸ்வெட்டரைப் பார்த்ததுமே எனக்கு வியர்த்தது. பிறகு ஒரு தொப்பி. அதன் நெற்றியில் பூவா பறவையா என்று தெரியாத ஒரு நூல்வேலை. பிறகு மடித்து மடித்துத் துணிபோல ஆகிவிட்ட நாலைந்து ஸ்கோர் அட்டைகள்.

கடைசியாக ஒரு சிவப்புப் பந்து. அது கவுன்டரில் மெதுவாக உருண்டு, என் கீபோர்டில் ஏறி, எண்டர் பட்டனில் முட்டி நின்றது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெங்காலி தையற்காரரின் விண்ணப்பம் அந்த நொடியே போய்ச் சேர்ந்துவிட்டது. நல்லவேளை, எல்லாம் சரியாகத்தான் நிரப்பியிருந்தேன்.

“மாஃபி முஷ்கில்?” என்றார் வந்தவர். பிரச்சினை இல்லையே என்று கேட்கிறார். ஒரு வெள்ளைக்காரர் வாயிலிருந்து எங்கள் கடைவீதி அரபி வந்ததில் தையற்காரர் சிரித்துவிட்டார். நானும்தான்.

அவர் பெயர் ராய் பென்ஃபோல்ட். அறுபதை நெருங்கிய வயது. நெடுநெடு உயரம், வாசலில் குனிந்து பழகிய முதுகு. இங்கிலாந்தில் ஒரு கவுன்டி அணிக்கு, அதாவது நம்மூர் மாவட்ட அணி மாதிரி ஒன்றுக்கு, ஆடியவர். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அந்தக் கவுன்டியிலேயே பாதிப் பேர் கேள்விப்பட்டதில்லை என்று அவரே சொல்வார். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். என் மனதில் தங்கியிருப்பதென்னவோ தமிழில். அப்படியே எழுதுகிறேன்.

ஒரு கட்டம், ஒரு வேலை

டைப்பிங் சென்டர் என்றால் வளைகுடாவில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: அரசாங்க அலுவலகத்துக்குப் போகிற எந்தக் காகிதமும் முதலில் எங்கள் விரல் வழியாகத்தான் போகும். விசா, வாடகை ஒப்பந்தம், குழந்தை பிறந்த செய்தி, எல்லாமே. ஊர் விட்டு ஊர், வேலை விட்டு வேலை என்று ஓடிய என் கால்கள் களைத்துப்போய், ரோலாவில் அத்தர் கடைக்கும் மணி எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்னக் கடையில்தான் கொஞ்சம் அதிக நாள் உட்கார்ந்தன.

விசா விண்ணப்பத்தில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதைத் தொட்டால் ஒரு பட்டியல் இறங்கும். அதிலிருந்து ஒன்றை எடுக்கலாமே தவிர, நீங்களாக எழுத முடியாது. ஒட்டகம் பராமரிப்பவர் உண்டு. மீன் வலை பின்னுபவர் உண்டு. ராய் வந்த அன்று மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை தேடினேன். கிரிக்கெட் ஆடுபவர் இல்லை.

விஷயம் இதுதான். ராய் அதுவரை வேலை பார்த்தது செயற்கைப் புல் விற்கிற கம்பெனியில். அது மூடிவிட்டது. முவைலாவில் ஒரு பள்ளிக்கூடம் அவரைக் கிரிக்கெட் பயிற்சியாளராகக் கூப்பிட்டது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் விசா கையில் வர வேண்டும். வராவிட்டால், சான்றிதழ்களை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும் இன்னொருவருக்கு வேலை போய்விடும். மீதமிருந்தது ஏறக்குறைய நான்கு வாரம்.

“பயிற்சியாளர் என்று போட வேண்டுமானால் சர்டிஃபிகேட் வேண்டும், மிஸ்டர் ராய்.”

அவர் ஸ்வெட்டரைத் தொட்டுக் காட்டினார்.

“பேப்பர்ல வேணும்.”

ஸ்கோர் அட்டையைக் காட்டினார். பதினொரு பெயர்களில் கடைசிப் பெயர் அவருடையது.

“முத்திரை வேணும்.”

“இதில் தேநீர்க் கறை இருக்கிறது. வட்டமாகத்தான் இருக்கிறது,” என்றார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

தும்மாத மனிதர்

அதன்பிறகு இரண்டு வாரம் ராய் தினமும் வந்தார். நான் யார் யாருக்கோ மின்னஞ்சல் எழுதுவேன். பழைய கிளப்பின் அலுவலகம், அங்கே ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களின் சங்கம், பயிற்சியாளர்களுக்குச் சான்றிதழ் தரும் இடம். பதில் வரும்வரை அவர் கடைசி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, கடக் சாயா என்கிற கெட்டித் தேநீரைக் குடித்துக்கொண்டு கதை சொல்வார். டோக்கன் எடுத்த ஆட்கள் தங்கள் எண் வந்தும் எழுந்திருக்க மறந்தார்கள்.

ராய் இடது கையால் மெதுவாகச் சுழற்பந்து வீசுபவர். அவருடைய துரதிர்ஷ்டம், அதே அணியில் இடது கையால் மெதுவாகச் சுழற்பந்து வீசுகிற இன்னொருவர் இருந்தார். இவரைவிட இரண்டு வயது மூத்தவர். இவரைவிட நன்றாக வீசுபவர்.

“கிட்டத்தட்ட பத்துக் கோடைக்காலம், பாய். அந்த மனிதர் ஒரு நாள் காய்ச்சலில் படுக்கவில்லை. விரல் வெட்டிக்கொள்ளவில்லை. தும்மக்கூட இல்லை. தினமும் காலையில் ‘உடம்பு எப்படி இருக்கிறது?’ என்று நான் கேட்பேன். உலகத்தில் அவ்வளவு அக்கறையோடு யாரும் யாரையும் விசாரித்திருக்க மாட்டார்கள்.”

அந்த நல்ல மனிதரை நாட்டு அணிக்குக் கூப்பிடும்போது மட்டும் ராய்க்கு ஆட்டம். மற்ற நாட்களில் தண்ணீர் கொண்டுபோவார், மட்டையின் கைப்பிடிக்கு ரப்பர் சுற்றித் தருவார், அடுத்த கவுன்டியின் மைதானத்துக்கு வேன் ஓட்டுவார். சம்பளம் கோடையில் மட்டும். குளிர்காலத்தில் ரொட்டி வண்டி ஓட்டினார், கிறிஸ்துமஸ் தபால்களைப் பிரித்தார். செப்டம்பரில் ஒரு கடிதம் வரும். அடுத்த ஆண்டு வேண்டும் அல்லது வேண்டாம்.

இதைக் கேட்டதும் வரிசையில் இருந்த ஒரு மலையாளி எலெக்ட்ரீசியன், “இது நம்மட விசா ரினீவல் தானே!” என்று தொடையில் தட்டினார். இங்கிலாந்தின் பச்சைப் புல்லும் ரோலாவின் எரியும் தாரும் ஒரு கணம் ஒரே நிறமாகிவிட்டன.

அவருடைய பெருநாள் ஒன்று உண்டு. கடலுக்கு அப்பாலிருந்து விருந்தாளியாக வந்திருந்த ஒரு பெரிய மட்டையாளருக்கு ஒரு மதியம் முழுவதும் பந்து வீசினார். மனிதர் ராயின் பந்தை மரத்துக்கு அடித்தார், கொட்டகைக்கு அடித்தார், ஒன்றை மைதானத்துக்குப் பக்கத்து ஆற்றுக்கே அடித்தார். பந்து மிதந்துபோக, பின்னால் வாத்துகள் ஊர்வலம். யாரோ அதை மீட்டுக்கொண்டு வந்தார்கள். அப்புறம் ஒரு பந்து திரும்பியது. பவுண்டரிக் கயிற்றோரம் கேட்ச்.

“நான் குதிக்கக்கூட இல்லை. அவ்வளவு களைப்பு. அந்த மனிதர் போகிறபோக்கில் என் தோளில் தட்டி, ‘அந்தப் பந்து ஆற்றில் நனைந்த பந்துதானே?’ என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதுவும் ஒருவகைத் திறமைதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.”

சோஹாரில் நான் கட்டிய சுவர்

தொழில் கட்டம் என்றதும் என் கதையையும் சொல்லிவிட வேண்டும். இந்தத் தொடரில் போன வாரம் என்னை ஓமானின் சோஹார் துறைமுகத்தில் பில் எழுதிக்கொண்டிருக்கும் நிலையில் விட்டுவிட்டு வந்தேன் இல்லையா? அந்த நாட்களில் என் விசாவில் இருந்த தொழில் கொத்தனார். யாரோ ஒரு கிளார்க் ஏதோ ஒரு கட்டத்தில் எதையோ அழுத்தியிருக்கிறார். நான் கவலைப்படவில்லை. கவிதை எழுதுகிறவன் எந்தத் தொழிலில் இருந்தால் என்ன?

என் அர்பாப், அதாவது என் விசாவுக்குப் பொறுப்பான ஓமானி முதலாளி, நல்ல மனிதர். ஒருநாள் என் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நீ கொத்தனாரா! இத்தனை நாள் சொல்லவே இல்லையே. யல்லா, வா,” என்று வண்டியில் ஏற்றிவிட்டார். பேரீச்சந் தோட்டத்தில் ஆடுகள் உள்ளே வராமல் ஒரு சின்னச் சுவர் வேண்டுமாம்.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு பாகிஸ்தானி மேஸ்திரி நண்பனைப் போனில் பிடித்து, அவன் “அச்சா, அப் தூஸ்ரா” என்று அடுத்த கல்லை வைக்கச் சொல்லச் சொல்ல, கல்மேல் கல் வைத்தேன். சூரியன் சாய்ந்தது. சுவரும் அதே பக்கம் சாய்ந்தது. மறுநாள் காலை ஆடுகள் அதன்மேல் ஏறி நின்று, கைக்கெட்டாத குலைகளைச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தன.

அர்பாப் வெகுநேரம் அந்தச் சுவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். “கலாஸ், போதும். நீ எழுதிக்கொண்டே இரு,” என்றார்.

மீன் பொரித்தபடி சிவநேசன் கேட்டது

ராயின் மின்னஞ்சல்களுக்குப் பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. கிளப்பின் பழைய பதிவேடுகள் ஈரத்தில் கெட்டுப்போயினவாம். சங்கம் அனுதாபத்தோடு ஒரு காலண்டர் அனுப்பியது. சான்றிதழ் தருகிறவர்கள், முதலில் பயிற்சி வகுப்பில் சேர வேண்டும், அது வசந்த காலத்தில்தான் என்றார்கள். நான்கு வாரத்தில் இரண்டு போயிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம். ஜும்ஆ முடிந்து ரூமுக்கு வந்தேன். அன்று சமையல் முறை சிவநேசனுடையது. சிவநேசன் என் ரூம்மேட், யாழ்ப்பாணத்துக்காரர். முவைலாவில் அலுமினியம் ஜன்னல் செய்கிற பட்டறையில் வரைபடம் போடுகிற வேலை. அவர் கோடு போட்டால் தலைமுடி நுழையாது. கிரிக்கெட் என்றால் சோறு தண்ணி வேண்டாம். ராயின் ஸ்கோர் அட்டைகளைப் பார்ப்பதற்காகவே டூட்டி முடிந்து என் கடைக்கு இரண்டு தடவை வந்திருக்கிறார்.

சீலா மீன் துண்டு எண்ணெயில் சீறிக்கொண்டிருந்தது. நான் ராயைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன். சிவநேசன் மீனைத் திருப்பியபடியே கேட்டார்:

“ஏன் பாய், சர்டிஃபிகேட் கேக்காத தொழில் ஒண்டும் லிஸ்டில இல்லையே?”

“இருக்கு. மைதானப் பராமரிப்பாளர்னு இருக்கு. தோட்டக்காரருக்குப் பக்கத்துல. பள்ளிக்கூடத்துல பி.டி. மாஸ்டர் தனியா இருக்காரு, சர்டிஃபிகேட்டோட. ராய் கிரவுண்டுக்குப் பொறுப்பா இருந்துக்கிட்டு, சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பழக்கிக் கொடுக்கலாம்.”

“அப்ப அதைப் போட வேண்டியதுதானே?”

“அது எப்படிடா சிவா? அவரு கவுன்டிக்கு ஆடினவரு. அவரைப் போயி தண்ணி ஊத்துற ஆளுன்னு...”

சிவநேசன் அடுப்பை அணைத்தார்.

“நான் வந்தண்டைக்கு என்னட்டையும் ஒரு டிப்ளோமா கிடந்தது, பாய். நீங்கள் ஃபோர்மைப் பாத்தியள், ஒரு நிமிசம்கூட யோசிக்கேல்லை. ‘ஹெல்பர்’ எண்டு அமத்திப்போட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டியள். ஏழு வருசமா நான் ஹெல்பர்தான். வெள்ளைக்காரனுக்கெண்டா மட்டும் ரெண்டு கிழமையா ஓடித் திரியிறியள். அவற்ர கை மண்ணில படக்கூடாதோ?”

நான் கோபப்படுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, உடனே தட்டை நீட்டினார். “சாப்பிடுங்கோ. ஆறினா நல்லா இராது.”

மீன் நன்றாகத்தான் இருந்திருக்கும். எனக்குத்தான் முள் எது சதை எது என்று தெரியவில்லை. எத்தனை பேர்! எம்.ஏ. படித்தவரைச் சுமை தூக்குபவர் என்று அழுத்தியிருக்கிறேன். ஆசிரியரை டிரைவர் என்று அழுத்தியிருக்கிறேன். ஒருவரிடமாவது, இது பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறேனா? விரலுக்கு ஒரு வலியும் இல்லை. இந்த ஒரு மனிதருக்கு மட்டும் வலித்தது. தோலின் நிறத்தைப் பார்த்துக் கூசிய விரல். அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் இந்தத் தொடரை எழுதுவதில் அர்த்தமும் இல்லை.

பையின் அடியில் இருந்தது

சனிக்கிழமை ராய் வந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிட்டேன். மைதானம், தண்ணீர், மண், தரையைச் சமன்படுத்தும் உருளை என்று சுற்றி வளைத்து வந்து சேர்ந்தபோது அவர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

“இதற்கா பாய் இரண்டு வாரம் முழித்தீர்கள்?”

பைக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். தடித்த காகிதம், தட்டச்சு எழுத்து, கிளப்பின் முத்திரை. முத்திரை! தேநீர்க் கறை இல்லை, நிஜ முத்திரை. பதினேழு வயது ராயை முதன்முதலாக வேலைக்கு எடுத்த கடிதம். அந்தக் காலத்தில் கவுன்டியில் சேருகிற பையன்கள் எல்லோரும் முதலில் மைதானப் பணியாளர்தானாம். காலையில் பிட்ச்சை உருளையால் உருட்டுவது, கோட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது, மழை வந்தால் தார்ப்பாய் இழுப்பது. மீந்த நேரத்தில்தான் பந்துவீச்சு.

“இதை ஏன் முதல் நாளே காட்டவில்லை?”

“நான் கிரிக்கெட் ஆடியவன் என்பதற்குத்தானே அத்தாட்சி கேட்டீர்கள்? இது நான் தரையைக் கூட்டியதற்கான அத்தாட்சி.” கடிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: “என் பந்துவீச்சைவிட என் உருட்டல் நன்றாக இருக்கும் என்று கேப்டனே சொல்வார்.”

பள்ளிக்கூட அலுவலர் ஜெபராஜ் சாருக்கு, அவர் நாகர்கோவில்காரர், கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினேன். “இத முன்னமே சொல்லப்பிடாதா பாய்?” என்று ஒரே வரியில் சம்மதம் வந்தது. கட்டத்தைத் தொட்டேன். பட்டியல் இறங்கியது. அழுத்தினேன். ராயின் சாயா இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

பள்ளி திறப்பதற்கு நாலு நாள் முன்னால் விசா வந்தது.

தண்ணீர் ஊற்றுகிறார்

நிம்மதியாக இருந்தேன். மூன்று வாரம் கழித்து ஜெபராஜ் சாரின் போன்.

“பாய், நல்ல ஆள அனுப்பி வச்சீங்க! பிள்ளைய எல்லாம் பேட்டத் தூக்கிட்டு நிக்குது. இவரு தண்ணி ஊத்திட்டு நிக்காரு. கேட்டா, விசாவில எழுதியிருக்க வேலைய முதல்ல முடிக்கட்டும்ங்காரு. பிரின்சிபால் இந்த வாரம் வரைக்குந்தான் பாப்பேன்னுட்டாரு. நான் என்ன பதில் சொல்லட்டு?”

முவைலாவிலேயே வேலை பார்க்கும் சிவநேசனைப் போனில் கூப்பிட்டேன். அவருடைய குரலில் பதற்றமே இல்லை. “ஓம், தெரியும். உருளைக்குப் படம் கீறிக் குடுத்ததே நான்தான். வாங்கோ, நேர பாப்பம்.”

முவைலா மைதானம் என்றால் மணல், நடுவில் ஒரு சிமெண்டுப் பட்டை. அதன்மேல்தான் பிள்ளைகள் ஆடிவந்தார்கள். இப்போது சிமெண்டுக்குப் பக்கத்தில் கயிறு கட்டிய ஒரு நீளமான பழுப்புத் தரை. ராஸ் அல் கைமா பக்கத்துப் பண்ணைகளிலிருந்து களிமண் வரவழைத்து, சலித்து, நனைத்து, காயவிட்டு, மறுபடி நனைத்திருக்கிறார். உருளையும் இருந்தது: சிமெண்டு நிரப்பிய எண்ணெய் பீப்பாய்க்கு, சிவநேசனின் பட்டறையில் செய்த கைப்பிடி. கயிற்றுக்கு வெளியே இருபது, முப்பது பிள்ளைகள். தமிழ், மலையாளம், உருது எல்லாம் கலந்த ஆங்கிலத்தில் முணுமுணுப்பு. பிரின்சிபால் குடையோடு நின்றார்.

ராய் முழங்காலிட்டுத் தரையில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தார். பிறகு கன்னத்தை வைத்துப் பார்த்தார். எழுந்தார்.

“யாராவது ஒருவர் மட்டை பிடியுங்கள்.”

பிள்ளைகள் முந்துவதற்குள் சிவநேசன் ஆபீஸ் ஷூவோடு உள்ளே போய்விட்டார். நாலு எட்டு நடந்து வந்து ராய் கையைச் சுழற்றினார். பந்து சோம்பலாக மேலே போய், நினைத்து நினைத்து இறங்கியது. சிவநேசன் காலை நீட்டி, அழகாகத் தடுத்தார். பந்து அங்கே இல்லை. களிமண்ணில் கடித்து, பாம்புபோல் வளைந்து, மட்டையைத் தாண்டி ஸ்டம்பைத் தட்டியது.

சிமெண்டில் பிறந்து சிமெண்டில் வளர்ந்த பிள்ளைகள். பந்து திரும்பும் என்பதைத் திரையில் மட்டுமே பார்த்தவர்கள். முப்பது தொண்டைகள் ஒரே நேரத்தில் திறந்தன.

“அண்ணை அவுட்டாம்! போங்கோ வெளியில!” என்று நானும் கத்தினேன், அவருடைய பாஷையிலேயே.

“மண் சரியில்லை,” என்றார் சிவநேசன், வெளியே வந்து.

பிரின்சிபால் குடையை மடக்கி ஜெபராஜ் சாரிடம் கொடுத்துவிட்டு, தனக்கு ஒரு பந்து போட முடியுமா என்று கேட்டார். அந்த மாலை அவர் ஐந்து தடவை அவுட் ஆனார்.

திரும்பும் பஸ்ஸில் இருவருக்கும் சட்டையெல்லாம் மண். அல் வஹ்தா சாலை வரும்வரை அதைத் தட்டிக்கொண்டே வந்தோம். அப்புறம் நானே கேட்டேன்.

“சிவா, அந்த டிப்ளோமா இன்னும் இருக்கா?”

“சூட்கேஸில கிடக்கு. ஏன்?”

“நாளைக்குக் கடைக்கு எடுத்துக்கிட்டு வா.”

ராய்க்கு இரண்டு வாரம் ஓடினேன். சிவநேசனுக்கு ஏழு வாரம். டிப்ளோமா கொழும்புக்குப் போய் முத்திரையோடு வந்தது. பட்டறை முதலாளி கையெழுத்துக்கு மூன்று தடவை நடக்கவிட்டார். ஒரு தடவை விண்ணப்பமே திரும்பி வந்தது. கடைசியில் ஒரு சாயங்காலம் புது வேலை அனுமதி அட்டையை ரூமுக்குக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். வரைபடக் கலைஞர் என்று இருந்தது, அரபியிலும் ஆங்கிலத்திலும்.

டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மாட்டிப் பார்த்தார்.

“எழுத்துக் கொஞ்சம் சின்னனாக் கிடக்கு, பாய்,” என்றார்.

அதை உப்பு டப்பாவில் சாய்த்து நிறுத்தி வைத்துவிட்டுத்தான் அன்று சாப்பிட உட்கார்ந்தார்.